அமெரிக்காவில் இஎம்டி ஆவது எப்படி? தடுப்பூசி முதல் மாநில உரிமம் வரை

அமெரிக்காவில் இஎம்டியாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக, ஆம்புலன்ஸில் ஏறி வேலை பார்க்க டாக்டருக்கோ நர்ஸுக்கோ படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு செமஸ்டர் வகுப்பு, ஒரு கணினித் தேர்வு, ஒரு மாநில உரிமம் இருந்தால் போதும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) வந்து என்ன படிக்கலாம் என்று யோசிப்பவர்கள், ஊரில் எம்பிபிஎஸ் அல்லது நர்சிங் முடித்துவிட்டு இங்கே உரிமத் தேர்வுக்குக் காத்திருப்பவர்கள், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் நோயாளிகளோடு பழகிய அனுபவம் தேடும் பிள்ளைகள் என்று நம்மவர்களில் பலர் இந்த வழிக்கு வருகிறார்கள். பாடத்தில் தோற்பவர்களைவிட காகிதத்தில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரை பாடத்தைவிட ஆவணம், செலவு, கால அளவு பற்றியே அதிகம் பேசுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு வர வேண்டியவை மூன்று தனித்தனிக் காகிதங்கள். பயிற்சி முடித்ததற்கான சான்றைப் பள்ளி தரும். நேஷனல் ரெஜிஸ்ட்ரி சான்று தேர்வில் தேறினால் கிடைக்கும். அதை வழங்குவது அரசு அல்ல. ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பு. மூன்றாவது மாநில உரிமம். இது இல்லாமல் முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நோயாளியைக்கூடத் தொட முடியாது. தேர்வில் தேறிய மறுநாளே வேலையில் சேரலாம் என்று நம்பி, இருந்த வேலையை விடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

1. எந்த நிலை என்று முடிவு செய்யுங்கள்

நாடு முழுக்க நான்கு நிலைகள், கீழிருந்து மேலாக: இஎம்ஆர், இஎம்டி, அட்வான்ஸ்டு இஎம்டி, பாராமெடிக். ஒவ்வொரு நிலையிலும் என்ன கற்றிருக்க வேண்டும் என்ற தேசியக் கல்வித் தரத்தை மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு முகமை வெளியிடுகிறது. இப்போதுள்ள பதிப்பு 2021இல் வந்தது. என்னென்ன செய்ய அனுமதி என்பதைச் சொல்லும் ஆவணம் 2019இல் வந்தது. இரண்டும் குறைந்தபட்ச அளவுகோல்கள். மாநிலங்கள் இதற்கு மேல் கூட்டிக்கொள்ளும்.

ஆம்புலன்ஸில் வேலை வேண்டுமென்றால் தொடங்க வேண்டிய இடம் இஎம்டி. பெரும்பாலான வகுப்புகள் 150 முதல் 200 மணி நேரம். கலிஃபோர்னியாவில் குறைந்தது 170 மணி நேரம். அதில் 24 மணி நேரம் மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ மேற்பார்வையில் கழிக்க வேண்டும், பத்து நோயாளிகளையாவது பரிசோதித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். ஊசி வழியாக இரத்த நாளத்தில் திரவம் ஏற்றுவது தேசிய அளவுகோலில் அட்வான்ஸ்டு இஎம்டியில்தான் தொடங்குகிறது. பாராமெடிக் படிப்பு ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். முதலில் இஎம்டி முடித்து, ஆறு மாதமாவது வண்டியில் ஓடிய பிறகு அதைப் பற்றி யோசிப்பது நல்லது.

2. விசாவைப் பாருங்கள்

படிக்க அனுமதி இருப்பதால் வேலை செய்யவும் அனுமதி இருக்கிறது என்று எண்ண வேண்டாம். எச்-4இல் இருப்பவர் தாராளமாகப் படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய இஏடி எனும் வேலை அனுமதி அட்டை வேண்டும். எஃப்-2இல் (மாணவரின் குடும்பத்தார் விசா) இருப்பவர் பகுதிநேரமாக மட்டுமே படிக்கலாம். எச்-1பி-இல் இருப்பவர் மாலை வகுப்புக்குப் போகலாம், ஆனால் வார இறுதியில் இன்னொரு ஆம்புலன்ஸ் கம்பெனியில் சம்பளம் வாங்கக் கூடாது.

தன்னார்வப் பணி என்றால் பிரச்சினையே இல்லை என்று பலர் சொல்வார்கள். நம்பி இறங்காதீர்கள். வழக்கமாகச் சம்பளம் கொடுக்கப்படும் வேலையைச் சும்மா செய்தாலும் அதை அனுமதியற்ற வேலை என்று கருத இடமுண்டு. மாணவர் விசா என்றால் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலும், மற்றவர்கள் குடிவரவு வழக்கறிஞரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இங்கே குறுக்கே வரும். பல மாநிலங்கள் உரிம விண்ணப்பத்தில் அதைக் கேட்கின்றன. இஏடி இல்லாத எச்-4காரர்களுக்கு அந்த எண் இருக்காது. வரி எண்ணை ஏற்பார்களா என்று உங்கள் மாநில அவசர மருத்துவ அலுவலகத்தை வகுப்புக் கட்டணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

3. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவில் இன்ஷியலோடு ஒரு மாதிரி என்று சிதறிக் கிடக்கும்.

நேஷனல் ரெஜிஸ்ட்ரி கணக்கில் உள்ள பெயரும், தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டணமும் போகும். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள். அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே பள்ளி, பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை, ரெஜிஸ்ட்ரி, கைரேகைப் பதிவு எல்லாவற்றிலும் கொடுங்கள். அட்டையின் பெயரே தவறு என்றால் கணக்கு திறக்கும் முன் அதைத் திருத்துங்கள். பிறகு ஒவ்வோர் இடமாகத் திருத்துவது பெரும்பாடு.

4. தடுப்பூசியை முதல் நாளே தொடங்குங்கள்

வகுப்பில் உட்காரத் தடுப்பூசிச் சான்று கேட்காத பள்ளிகூட, மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் கட்டாயம் கேட்கும். ஊரில் சின்ன வயதில் போட்ட ஊசிகளுக்குச் சான்று இல்லாதவர்களுக்கு இதுதான் மிக நீண்ட படி.

ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. அவ்வளவு நாள் கையில் இல்லையென்றால் ஹெப்லிசாவ்-பி என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டே டோஸ். ஏற்கெனவே போட்டிருந்தால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கும் டைட்டர் சோதனை போதும். 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எம்எம்ஆரும் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) சின்னம்மைத் தடுப்பூசியும் தலா இரண்டு டோஸ், நான்கு வார இடைவெளி. டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான்) ஒன்று. குளிர்காலத்தில் ஃப்ளூ ஊசி.

காசநோய்ச் சோதனையில் நம்மவர்கள் பலர் மாட்டுவார்கள். குழந்தையாக இருந்தபோது போட்ட பிசிஜி ஊசியால் தோல் சோதனையில் நோய் இல்லாமலே வீக்கம் காட்டலாம். பிறகு மார்பு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். நேராக இரத்தச் சோதனை கேளுங்கள். குவான்டிஃபெரான் என்றால் புரிந்துகொள்வார்கள். இன்னொன்று: எம்எம்ஆர், சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள். காசநோய்ச் சோதனையை அவற்றைப் போடும் அதே நாளில் செய்யுங்கள். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். வரிசை தெரியாமல் போய் ஒரு மாதத்தை இழப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பெரியவர்களுக்கான வழக்கமான தடுப்பூசிகளைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்கும். படிப்புக்காகச் செய்யும் டைட்டர் சோதனையை ஏற்காமல் போகலாம். காப்பீடு இல்லாதவர்கள் கவுண்டி சுகாதாரத் துறையில் விசாரியுங்கள்.

5. பிஎல்எஸ் அட்டை

கேட்பது மருத்துவப் பணியாளர்களுக்கான பிஎல்எஸ். பொதுமக்களுக்கான ஹார்ட்சேவர் சிபிஆர் அட்டை செல்லாது. முழுக்க இணையத்தில் முடித்து உடனே அச்சிட்டுக்கொள்ளும் சான்றுகளும் செல்லா. பொம்மையில் கைவைத்துச் செய்துகாட்டிய அட்டைதான் வேண்டும். செலவு பொதுவாக 60 முதல் 100 டாலர், அட்டை இரண்டாண்டு செல்லும். சில பள்ளிகள் வகுப்புக்குள்ளேயே இதைக் கொடுத்துவிடும், இரண்டு முறை காசு கொடுக்காதீர்கள்.

6. வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த வகுப்பை நான் வேலை பார்க்கப்போகும் மாநிலம் அங்கீகரித்திருக்கிறதா? மாநில அலுவலகத்தின் பட்டியலில் பள்ளியின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். பாடத்தை இணையத்திலும் செய்முறையை நேரிலும் நடத்தும் கலப்பு வகுப்புகள் நல்லவைதான். செய்முறையே இல்லாத வகுப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண்.

கம்யூனிட்டி காலேஜ்தான் பெரும்பாலும் மலிவு. கலிஃபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். எட்டு யூனிட் வகுப்பு என்றால் 368 டாலர். வெளிமாநிலத்தவர் என்று கணக்கிட்டால் தொகை பல மடங்கு ஏறும். எச்-4இல் இருப்பவரும் அங்கே ஓராண்டு வசித்ததைக் காட்டி மாநிலவாசிக் கட்டணம் கேட்கலாம், எஃப்-1 மாணவரால் முடியாது. வாடகை ஒப்பந்தம், வரிப் படிவம், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். தனியார் பள்ளிகள் ஆயிரம் முதல் இரண்டாயிரம் டாலருக்கு மேலும் வாங்குகின்றன.

அந்தத் தொகைக்குள் அடங்காதவை தனி. புத்தகமும் இணைய நுழைவுக் குறியீடும், சீருடை, பூட்ஸ், ஸ்டெதஸ்கோப், பேனா விளக்கு, துணி வெட்டும் கத்தரி, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை. பழைய புத்தகம் வாங்கி மிச்சம் பிடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே பலிக்காது. உள்ளே இருக்கும் குறியீட்டை ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியிருப்பார், வீட்டுப்பாடம் எல்லாம் அந்தக் குறியீட்டுக்குள்தான் இருக்கும்.

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜினியா பக்கம் இருப்பவர்கள் உள்ளூர் தன்னார்வ ஆம்புலன்ஸ் படையை விசாரியுங்கள். உறுப்பினராகச் சேர்ந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றினால் பயிற்சிக் கட்டணத்தை அவர்களே ஏற்பது அங்கே வழக்கம். விசா விஷயத்தில் மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

மூன்று, நான்கு வாரத்தில் முடிக்கும் அதிவேக வகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் நர்சிங் படித்தவருக்கு அது தாங்கும். மருத்துவச் சொற்களையே முதல் முறை கேட்பவர், அதுவும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசப் பழகாதவர், செமஸ்டர் வகுப்பில் சேருவதே மேல். அதிவேக வகுப்பில் மிச்சமாகும் இரண்டு மாதத்தைத் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் இழப்பீர்கள்.

7. செய்முறைத் தேர்வு: தெரிந்தும் தோற்கும் இடம்

செய்முறையை மாநில விதிப்படி பள்ளியோ மாநிலமோ சோதிக்கும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பீட்டுத் தாள் உண்டு. அதன் அடியில் ‘செய்தால் உடனே தோல்வி’ என்ற பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

கையுறை, பாதுகாப்பு பற்றி வாய்விட்டுச் சொல்லாமல் தொடங்கினால் தோல்வி. விபத்து நோயாளியைப் பரிசோதிக்கும் நிலையத்தில் பத்து நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸில் ஏற்றும் முடிவைச் சொல்லாவிட்டால் தோல்வி. ஆக்சிஜன் நிலையத்தில் முகமூடியின் பையை நிரப்பாமல் நோயாளி முகத்தில் வைத்தால் தோல்வி. ஓட்டம் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர், குறைத்தால் பை சுருங்கிவிடும். நாடி இருந்தும் மூச்சு இல்லாத பெரியவருக்கு ஆறு விநாடிக்கு ஒரு முறை மூச்சூட்டும் பையை அழுத்த வேண்டும். பதற்றத்தில் எல்லாரும் வேகமாக அழுத்துவார்கள். வயிற்றில் காற்று ஏறி வாந்தி வரும், மார்புக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். மார்பு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.க்கு மிகாமல், இடைவெளி பத்து விநாடிக்குள்.

ஒவ்வொரு செயலையும் செய்துகொண்டே உரக்கச் சொல்ல வேண்டும். அமைதியாக, சரியாகச் செய்து முடிப்பது நம் பழக்கம். மதிப்பிடுபவர் காதில் விழாதது தாளில் ஏறாது.

8. நேஷனல் ரெஜிஸ்ட்ரி தேர்வு

வரிசை இது. இணையத்தில் கணக்கு திறந்து விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் நூறு டாலரை ஒட்டி. வகுப்பை முடித்தீர்கள் என்று பள்ளியின் திட்ட இயக்குநர் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். அவர் விடுமுறையில் போனால் உங்கள் விண்ணப்பமும் அப்படியே நிற்கும். கடைசி வகுப்பன்றே நினைவூட்டிவிட்டு வாருங்கள். பிறகு தேர்வெழுதும் அனுமதிக் கடிதம் வரும், 90 நாள்தான் செல்லும். அதைக் கொண்டு, தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்தில் நாள் குறியுங்கள்.

கேள்விகள் 70 முதல் 120 வரை, நேரம் இரண்டு மணி. நீங்கள் பதில் சொல்லச் சொல்லக் கணினி அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும். விட்டுவிட்டுப் பிறகு வர முடியாது. 70இல் நின்றாலும் தேறியிருக்கலாம், தேறாமலும் இருக்கலாம். அதை வைத்து இரவெல்லாம் கணக்குப் போடுவதில் பயனில்லை. முடிவு வழக்கமாக ஓரிரு வேலை நாளில் கணக்கில் தெரியும்.

2025 ஏப்ரலில் இஎம்டி தேர்வின் அமைப்பு மாறிவிட்டது. முன்பு சுவாசம், இதயம், விபத்து என்று உடல் பகுதிவாரியாக இருந்தது. இப்போது சம்பவ இடத்தை எடைபோடுவது, முதல் பரிசோதனை, இரண்டாம் பரிசோதனை, சிகிச்சையும் கொண்டுசெல்வதும், செயல்பாடுகள் என்று பிரித்திருக்கிறார்கள். முதல் பரிசோதனைக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. வரிசைப்படுத்து, பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு போன்ற கேள்விகளும் உண்டு. யாரோ கொடுத்த 2023ஆம் ஆண்டுக் கேள்வித் தொகுப்பில் காலத்தைக் கழிக்காதீர்கள்.

டாக்டர்களும் நர்ஸுகளும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அதிகம் தெரிந்திருப்பதுதான் உங்கள் சிக்கல். கேள்வி என்ன நோய் என்று கேட்பதில்லை. அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. பதில் இஎம்டியின் எல்லைக்குள் இருக்க வேண்டும். நெஞ்சுவலிக்காரருக்கு ஆஸ்பிரின், 81 மி.கி. மாத்திரை நான்கு, மென்று விழுங்க. நைட்ரோகிளிசரின் என்றால் அவருக்கே எழுதிக்கொடுத்ததா, மேல் இரத்த அழுத்தம் நூறுக்கு மேலா, சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுத்தாரா என்று பார்த்த பிறகு. இரத்த நாளத்தில் ஊசி போடும் விடை எவ்வளவு சரியாகத் தோன்றினாலும் தள்ளுங்கள். மருந்துப் பெயர்களும் இடறும்: அட்ரினலின் இங்கே எபிநெஃப்ரின், சல்பியூட்டமால் அல்ப்யூட்டரால், பாராசிட்டமால் அசிட்டமினோஃபென்.

தேறாவிட்டால் 15 நாள் கழித்து மறுபடி எழுதலாம், முழுக் கட்டணம் மறுபடி. மூன்று முறை தவறினால் மறுபயிற்சி. அதன் பின் இன்னும் மூன்று வாய்ப்பு. ஆறும் போனால் வகுப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். எல்லாம் வகுப்பு முடிந்த இரண்டு ஆண்டுக்குள். பாடம் மறக்கும் வேகத்தைப் பார்த்தால் முடித்த ஒரு மாதத்துக்குள் முதல் தேர்வை எழுதுவது நல்லது.

9. மாநில உரிமம்

தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், கைரேகை வழிப் பின்னணிச் சோதனை. கலிஃபோர்னியாவில் லைவ் ஸ்கேன் என்பார்கள். அங்கே சான்றை வழங்குவது மாநிலத் தலைமையகமன்று, உள்ளூர் அவசர மருத்துவ முகமை. எந்த முகமைக்கான படிவத்தில் கைரேகை வைக்கிறீர்கள் என்பதைச் சரிபாருங்கள்; தவறான குறியீட்டோடு வைத்த கைரேகை உங்களுக்குப் பயன்படாது, திரும்பக் காசு கட்டி வைக்க வேண்டும். உரிமக் காலமும் மாறும்: கலிஃபோர்னியாவில் இரண்டாண்டு, டெக்சஸில் நான்காண்டு. சில மாநிலங்கள் சொந்தத் தேர்வை வைத்துக்கொண்டிருக்கின்றன. அதை மட்டும் எழுதினால் மாநிலம் மாறும்போது சிரமப்படுவீர்கள். வேலை நிமித்தம் ஊர் மாறும் குடும்பங்கள் நேஷனல் ரெஜிஸ்ட்ரியையே எழுதிவிடுங்கள்.

பல மாநிலங்கள் சேர்ந்த ஈஎம்எஸ் காம்பாக்ட் என்ற ஒப்பந்தம் இருக்கிறது. உறுப்பு மாநில உரிமத்தோடு இன்னோர் உறுப்பு மாநிலத்துக்குப் பணி நிமித்தம் போய்ச் சிகிச்சை தர அது உதவும். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை.

10. வேலைக்கு முன் வேண்டியவை

இருவர் மட்டுமே உள்ள வண்டியில் இருவரும் ஓட்டத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது கம்பெனிகளின் எதிர்பார்ப்பு. அமெரிக்க ஓட்டுநர் உரிமமும் சுத்தமான ஓட்டுநர் பதிவும் கேட்பார்கள். ஊரில் பத்தாண்டு ஓட்டியது கணக்கில் வராமல் போகலாம். ஆகவே வகுப்பில் சேரும் முன்பே உரிமம் எடுத்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சான்று தனியாக வேண்டும்: டிஎம்வியில் (மாநில வாகனத் துறை) எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனைப் படிவம், கைரேகை. இவற்றோடு மத்திய அரசின் பேரிடர் முகமையான ஃபெமாவின் இலவச இணையப் பாடங்களான ஐசிஎஸ்-100, 200, ஐஎஸ்-700, 800 ஆகியவற்றின் சான்றுகளையும் கம்பெனிகள் கேட்கும். சில மாலைப்பொழுதுகளில் முடிக்கலாம். தூக்கும் திறன் சோதனையும் உண்டு. குனியாமல், முழங்காலை மடக்கித் தூக்கப் பழகியிருங்கள்.

முதல் வேலை பெரும்பாலும் 911 அவசர அழைப்புக்கு ஓடும் வண்டியில் கிடைக்காது. டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்கும் மருத்துவமனை மாற்ற வண்டியில்தான் கிடைக்கும். சலிப்பாக இருக்கும். ஆனால் இரத்த அழுத்தம் எடுப்பதும் அறிக்கை எழுதுவதும் கைவருவது அங்கேதான்.

11. புதுப்பித்தல்

ரெஜிஸ்ட்ரி சான்று மார்ச் 31ஆம் தேதி காலாவதியாகும், இரண்டாண்டுக்கு ஒரு முறை. இஎம்டிக்குத் தொடர்கல்வி 40 மணி நேரம்: தேசியப் பாடங்கள் 20, மாநில அல்லது உள்ளூர்ப் பாடங்கள் 10, உங்கள் விருப்பம் 10. ஒரே வகையில் நாற்பதையும் முடித்தால் ஏற்கமாட்டார்கள். சான்றுகளை முடித்த அன்றே ரெஜிஸ்ட்ரி கணக்கில் ஏற்றிவிடுங்கள். படிக்க விருப்பமில்லாதவர் தேர்வை மறுபடி எழுதியும் புதுப்பிக்கலாம்.

குழந்தைப்பேறு, விசா மாற்றம் என்று வண்டியை விட்டு விலகியிருந்தால், எந்த நிறுவனத்தோடும் இணையாமலே ‘செயலில் இல்லை’ என்ற நிலையில் சான்றை உயிரோடு வைத்திருக்க முடியும். மணி நேரங்களை அப்போதும் முடித்தாக வேண்டும். மாநில உரிமத்தின் காலாவதித் தேதி இதிலிருந்து வேறாக இருக்கும். இரண்டு தேதிகளையும் ஆறு மாதம் முன்னதாகவே கைபேசி நாள்காட்டியில் குறித்துவையுங்கள். மின்னஞ்சல் முகவரி மாறினால் இரண்டு இடத்திலும் மாற்றுங்கள், நினைவூட்டல்கள் அங்கேதான் வரும்.